ரத்தம் குறி சொல்லுமா?

மனிதனுக்கு வருங்காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை எந்தக் காலத்தில் உண்டாயிற்று என்று யாரும் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. பல்லி சொன்னதற்குப் பலன் பார்த்தோம். விடியற்காலையில் வாசலில் நின்று குடுகுடுப்பைக்காரன் சொன்னதைக் கேட்டு, உள்ளே போய்ப் பழைய வேஷ்டியைத் தேடினோம். கிளியைக் கூண்டிலிருந்து வெளியே விட்டு, நம் தலைவிதியை அலகினால் பொறுக்கி எடுக்கச் சொன்னோம். இப்போது நாகரிகம் முதிர்ந்து விட்டபடியால், கையில் ஊசியைக் குத்தி ரத்தத்தை எடுத்துக் குழாயில் அடைத்து, "எனக்கு என்ன ஆகும்? சொல்!" என்று அதனிடம் கேட்கிறோம்.

கேலிக்காகச் சொல்கிறோம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். சென்ற ஒரு வருஷ காலமாக இந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் பக்கத்தில் நாமே உட்கார்ந்திருந்தோம். ரத்தம் எவ்வளவு தூரம் குறி சொல்லும், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும் என்பதைச் சிறிது கற்றுக்கொண்டோம். கற்றதைச் சொல்வதற்கே இந்த வியாசம்.

நமது நண்பர் ஒருவர் கணித உபாத்தியாயராக 32 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். காவேரிக் கரையில் ஒரு சிற்றூரில் வாசம். அவருடைய வலது குதிகாலில் ஒரு கரும்புள்ளி தோன்றியது. காலணி இல்லாமல் கோயிலைச் சுற்றுகிறவர் ஆகையால், கால் ஆணி என்று தீர்மானித்துவிட்டார். முதலில் பிளாஸ்திரி ஒட்டினார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று எருக்கம் பால் தடவினார். அப்புறம் ஊரில் ஒருவர் அதைச் சீவி எடுத்தார். ஆணி மறுபடியும் வந்தது. சுற்றிலும் கறுப்பு படர்ந்தது. இப்படியாக ஒன்றரை வருஷம் கழிந்த பிறகு, தொடை இடுக்கில் நெறி கட்டியது. அப்போதுதான் பட்டணத்திற்கு வந்தார். குதிகாலில் இருந்தது ஆணியல்ல, 'மெலனோமா' என்னும் புற்றுநோய் என்றும், அது நுரையீரல் வரையில் போய்விட்டது என்றும் பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

நம்முடைய தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் கட்டுமீறி வளர்வதே மெலனோமா. வெள்ளைத் தோல் உள்ளவர்களுக்கு வெயிலினால் மிகுதியாக வருகிற வியாதி இது. ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெயர் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நம் தேசத்தில் அபூர்வம். நம்முடைய கறுப்பு நிறமே நமக்குக் குடையாக இருக்கிறது. ஆனால், அந்தக் குடை மறைக்காத இடமும் உண்டு. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் அதிக சம்பந்தம் இல்லை. கறுப்பு மனிதர்களுக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் இவ்விடங்களிலேதான் வருகிறது. ஜமெய்க்கா தேசத்துப் பிரபல பாடகர் பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் இது தோன்றியது; 1981-ஆம் வருஷம், 36-ஆவது வயதில் அவர் காலமானார். ஆகவே, ஆறாத கால் ஆணி, பரவுகிற கரும்புள்ளி, நகத்தில் விழுந்த கறுப்புக் கோடு இவற்றைக் கண்டால், எருக்கம் பாலைத் தேடாமல் வைத்தியரைத் தேட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டாலும் நமது நோக்கத்தில் பாதி நிறைவேறிவிடும்.

ஆஸ்பத்திரியில் நண்பருக்குச் சிகிச்சை சொன்னவர் ஓர் இளம் பெண் டாக்டர். பொறுமைசாலி. அவர் இரண்டு வழிகளைக் காட்டினார். நிவோலுமாப் என்னும் ஒரே மருந்தைக் கொடுப்பது ஒரு வழி. அத்துடன் இபிலிமுமாப் என்னும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது மற்றொரு வழி. 945 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து, பத்து வருஷம் தொடர்ந்து கவனித்து, 2024-இல் பிரசுரமான ஆராய்ச்சியின் முடிவை அவர் எடுத்துச் சொன்னார். இரண்டு மருந்துகளையும் பெற்றவர்களில் பத்து வருஷத்திற்குப் பிறகும் உயிரோடிருந்தவர்கள் 100-க்கு 43 பேர். நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 37 பேர். இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 19 பேர். ஆனால், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 100-க்குச் சுமார் 60 பேருக்குக் கடுமையான உபத்திரவங்கள் உண்டாயின. நிவோலுமாப் மட்டும் என்றால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான்.

நண்பர் கணக்கு வாத்தியார் அல்லவா? சற்று நேரம் யோசித்தார்.

"இதெல்லாம் சதவிகிதம், அம்மா. நான் நூறு பேர் இல்லை, ஒரே ஆள். அந்த ஒரு ஆள் நாற்பத்து மூன்றில் சேர்ந்தவனா, ஐம்பத்தேழில் சேர்ந்தவனா? அதை என் ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார்.

"அந்தக் கேள்விக்குத்தான் சார், உலகமெல்லாம் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் டாக்டர்.

அன்று முதல் நாமும் தேடத் தொடங்கினோம்.

இந்தச் சிகிச்சையின் தத்துவம் வெகு விசித்திரமானது. இது நோயைத் தாக்குகிற மருந்தே அல்ல. நம் தேகத்தில் 'டி' அணுக்கள் என்னும் போர்வீரர்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் கிருமிகளையும், உள்ளேயே கெட்டுப்போன அணுக்களையும் கண்டுபிடித்துக் கொல்வது அவற்றின் வேலை. இந்தக் குதிரைகள் கண்டபடி ஓடிச் சொந்த வீட்டையே மிதித்துவிடக் கூடாது என்பதற்காக, இயற்கை அவற்றுக்குக் கடிவாளம் பூட்டியிருக்கிறது. தந்திரக்கார புற்றுநோய் அந்தக் கடிவாளத்தைப் பிடித்து இழுத்து, குதிரையை நிறுத்திவிடுகிறது. மருந்து செய்வதெல்லாம் நோயின் கையிலிருந்து கடிவாளத்தை விடுவிப்பதுதான்.

தேகத்தின் சொந்தச் சக்தியைக் கொண்டே புற்றுநோயை வெல்லலாம் என்னும் எண்ணம் பழையது. 1891-இல் நியூயார்க் நகரத்தில் வில்லியம் கோலி என்னும் ரண வைத்தியர், புற்றுநோயாளிகளின் உடம்பில் வேண்டுமென்றே கிருமிகளைச் செலுத்திக் காய்ச்சலை உண்டாக்கினார். சிலருக்குக் கட்டி கரைந்தது. ஆனால் ஏன் கரைந்தது என்று அப்போது விளங்கவில்லை. நூறு வருஷத்திற்குப் பிறகு, ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் ஆராய்ச்சிசாலையில் 1992-இல் ஒரு கடிவாளம் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அல்லிஸன் மற்றொரு கடிவாளத்தை ஆராய்ந்து, அதை அவிழ்த்தால் கட்டி கரையும் என்று எலிகளில் காட்டினார். இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. இபிலிமுமாப் 2011-இலும், நிவோலுமாபும் அதன் சகோதரமான பெம்ப்ரோலிஸுமாபும் 2014-இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. அதற்கு முன்னால், பரவிவிட்ட மெலனோமா உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரு வருஷம் தாண்டுவதே அரிதாயிருந்தது. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், மூளை வரையில் மெலனோமா பரவியிருப்பதாக 2015 ஆகஸ்டில் தெரிவித்தார். அப்போது அவருக்கு வயது 90. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு இவற்றுடன் பெம்ப்ரோலிஸுமாபும் பெற்று, அந்த வருஷ டிசம்பரிலேயே மூளையில் நோயின் அடையாளம் இல்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பரில், நூறு வயது நிறைந்த பிறகுதான் காலமானார்.

ஒருவருக்கு இவ்வளவு அற்புதம். அதே மருந்தைப் பெற்ற மற்றொருவருக்கு ஒன்றுமே இல்லை. மூன்றாமவருக்கோ குதிரை நோயை விட்டுவிட்டு வீட்டை மிதிக்கிறது. இதை முன்னதாகவே அறிய முடியாதா என்பதே கேள்வி.

ரத்தத்தில் முதலில் பார்க்கப்படும் அடையாளம் 'எல்.டி.எச்.' என்னும் பொருள். இது எல்லா அணுக்களுக்குள்ளும் இருப்பது. அணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கசிகிறது. புற்றுநோய் பெருகியிருந்தால் இதன் அளவு ஏறும். அளவு ஏறியவர்களுக்கு ஆயுள் குறைவு என்பது பலமுறை நிரூபிக்கப்பட்டிருக்கிறது; மெலனோமாவின் படிநிலையைக் கணிக்கும் சர்வதேச முறையிலேயே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இது ஒரு பொது அடையாளம். ஈரல் கெட்டாலும் ஏறும். குழாயில் எடுத்த ரத்தத்தைக் குலுக்கி எடுத்துப்போனால், சிவப்பணுக்கள் உடைந்து, அதனாலும் ஏறும். ஸ்கூட்டரில் மேடு பள்ளமெல்லாம் தாண்டி வந்த ரத்தம் ஒரு மனிதனுடைய ஆயுளைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அறிந்தபோது நமக்குச் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை.

இரண்டாவது, வெள்ளணுக்களின் கணக்கு. நியூட்ரோபில் என்னும் அணுக்களின் எண்ணிக்கையை லிம்போசைட் என்னும் அணுக்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஈவு பெரிதாக இருந்தால் பலன் குறைவு. சிறிதாக இருந்தால் நல்லது. இது சாதாரண ரத்தப் பரீட்சையிலேயே கிடைக்கும், செலவு சொற்பம். நண்பர் தம்முடைய காகிதத்தைப் பார்த்துத் தாமே வகுத்துக்கொண்டார். இரண்டேகால் வந்தது. முகம் மலர்ந்தது. ஆனால் ஜுரமோ சீழோ இருந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் இந்த ஈவு பெருகிவிடும் என்று டாக்டர் சொன்னதும், மலர்ந்த முகத்தை அவர் பாதியளவு மூடிக்கொண்டார்.

மூன்றாவது அடையாளம் தான் நம்மை அதிகமாகச் சிந்திக்க வைத்தது. ஈசினோபில் என்று ஒருவகை வெள்ளணு உண்டு. பெம்ப்ரோலிஸுமாப் பெற்ற 616 மெலனோமா நோயாளிகளை ஆராய்ந்து, 2016-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சிகிச்சைக்கு முன்னால் ரத்தத்தில் ஈசினோபில் நூற்றுக்கு ஒன்றரைக்குக் குறையாமலும், லிம்போசைட் நூற்றுக்கு பதினேழரைக்குக் குறையாமலும் இருந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று அதில் கண்டிருந்தது. நண்பருடைய காகிதத்தைப் பார்த்தோம். ஈசினோபில் ஒன்பது! ஒன்றரைக்கே நல்ல சகுனம் என்றால், ஒன்பதுக்கு மாலை மரியாதையே செய்ய வேண்டாமா?

டாக்டர் சிரித்தார். "உங்கள் ஊரில் குளத்தில் குளிப்பீர்களா சார்? வெறுங்காலோடு வயலில் நடப்பீர்களா? முதலில் பூச்சி மருந்து கொடுக்கிறேன்" என்றார்.

விஷயம் இதுதான். நம் நாட்டில் குடற்புழு, யானைக்கால் கிருமி, ஆஸ்துமா முதலிய பல காரணங்களால் ஈசினோபில் ஏறியிருப்பது சகஜம். இதை உலகத்துக்கு விளக்கமாக எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர்கள் நம் பக்கத்தில் வேலை செய்த வைத்தியர்களே. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகில், ஆரோக்கியவரம் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் இருந்த பிரிமோட்-மோலரும் பார்ட்டனும், க்ஷயரோகம் போலத் தோன்றி, ஆனால் க்ஷயரோகம் அல்லாத, ஈசினோபில் மிகுந்த ஒரு நோயைப் பற்றி 1940-இல் எழுதினார்கள். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு 'வெப்ப நாட்டு ஈசினோபிலியா' என்று பெயரிட்டார். ஐரோப்பாவில் நல்ல சகுனமாகிற அதே அணு, காவேரிக் கரையில் வயிற்றுப் பூச்சியின் விலாசமாக இருக்கலாம்! நெல்லை அளக்கிற மரக்கால் ஊருக்கு ஊர் வித்தியாசப்பட்டது போல, ரத்தத்தை அளக்கிற மரக்காலும் தேசத்துக்குத் தேசம் வித்தியாசப்படும் என்பதை அன்று உணர்ந்தோம்.

இவற்றைவிட நுட்பமான அடையாளங்களும் உண்டு. புற்றுநோய் அணுக்கள் சிதையும்போது அவற்றின் மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கின்றன. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் அத்துணுக்குகள் மறைந்துவிட்டால் மருந்து வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். ஆஸ்திரேலிய வைத்தியர்கள் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நோய் மூளையில் மட்டும் இருந்தால், துணுக்குகள் ரத்தத்துக்கு எட்டாமலே போகலாம். மேலும், இத்துணுக்குகளைக் கண்டுபிடிக்க அதிகமாக உபயோகப்படும் 'பிராஃப்' என்னும் மரபு மாறுதல், வெயிலால் வரும் மெலனோமாவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இருக்கிறது. உள்ளங்கால் மெலனோமாவில் மிகச் சிலருக்கே இருக்கிறது. நண்பருக்கு அது இல்லை. இங்கும் மரக்கால் வேறு!

பிலடெல்பியா நகர ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் ஓர் அழகான உண்மையை வெளியிட்டார்கள். முதல் தவணை மருந்துக்குப் பிறகு, களைத்துக் கிடந்த டி அணுக்கள் எழுந்து பெருகுவதை ரத்தத்தில் காணலாம். ஆனால் எழுச்சி மட்டும் போதாது. கட்டியின் அளவுக்கு ஏற்ற எழுச்சியா என்று பார்க்க வேண்டும். பெரிய சேனையை எதிர்க்கச் சிறு படை எழுந்தால் பயனில்லை. "இது விகிதக் கணக்கு" என்று சொல்லி நண்பர் சந்தோஷப்பட்டார்.

பலனைப் பற்றிய குறி இவ்வாறிருக்க, உபத்திரவத்தைப் பற்றிய குறி என்ன? நம் நண்பரைப் போன்றவருக்கு இதுவே பெரிய கேள்வி. கடிவாளம் அவிழ்ந்த குதிரை குடலை மிதித்தால் ஓயாத வயிற்றுப்போக்கு. ஈரலை மிதித்தால் காமாலை. நுரையீரலை மிதித்தால் மூச்சுத் திணறல். தைராய்டு முதலிய சுரப்பிகள் கெடலாம். மிக அபூர்வமாக இருதயத் தசையே தாக்கப்படலாம். அது உயிருக்கு ஆபத்து. தக்க தருணத்தில் ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். தக்க தருணம் என்பதுதான் சிரமம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்கு அது எளிது. பஸ்ஸில் நாலு மணி நேரம் வர வேண்டியவன், வயிற்றுப்போக்கைக் கல்யாண விருந்தின் விளைவு என்று நினைத்து, கஞ்சி குடித்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே படுத்திருப்பான். அந்த இரண்டு நாளில் காரியம் மிஞ்சிவிடும்.

ஆகவே யாருக்கு ஆபத்து வரும் என்று ரத்தம் முன்கூட்டியே சொல்லுமானால், அதனால் அதிக நன்மை அடைபவர்கள் தூரத்து ஊர்க்காரர்களே. முயற்சிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. சிட்னி நகரில் 98 மெலனோமா நோயாளிகளின் ரத்தத்தில் 65 வகை ரசாயனத் தூதர்களை அளந்து, அவற்றில் 11-ஐத் தேர்ந்து ஒரு கூட்டு மதிப்பெண் வகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். இரு மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில், முதல் தவணைக்குப் பிறகே 'பி' அணுக்களில் தோன்றும் மாறுதல், பின்னால் வரும் உபத்திரவத்துக்கு முன்னறிவிப்பாகிறது என்று 2018-இல் யேல் சர்வகலாசாலையார் கண்டார்கள். சிகிச்சைக்கு முன்னரே ஒருவகை நினைவு டி அணுக்கள் மிகுந்திருப்பவர்களுக்குக் கடும் உபத்திரவம் வருவது அதிகம் என்று 2022-இல் மற்றொரு குழுவினர் எழுதினார்கள். அதே வருஷத்தில், பிறவியிலேயே அமைந்த ஒரு மரபு வேற்றுமை இந்த ஆபத்தை அதிகப்படுத்துவதாக ஆக்ஸ்போர்டிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் பார்த்து அறிந்தவை.

நண்பருடைய மனைவி இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு நம்மிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அண்ணா, இத்தனை படித்துவிட்டு, இந்த மருந்து இவருக்கு வேண்டாம் என்று சொல்லும்படியாக ஏதாவது ஒரு பரீட்சை இருக்கிறதா?"

இல்லை என்பதே உண்மையான பதில். எல்.டி.எச். ஏறியவர்களுக்கு ஆயுள் குறைவு என்றோம். ஆனால் மேலே சொன்ன 945 பேர் ஆராய்ச்சியிலேயே, எல்.டி.எச். ஏறியிருந்து இரு மருந்துகளையும் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஐந்து வருஷம் தாண்டியும் உயிரோடிருந்தார்கள். அப்படிப்பட்டவனைப் பார்த்து, "உன் ரத்தம் சரியில்லை, உனக்கு மருந்து இல்லை" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? மழை வருமா என்று சொல்வது வேறு. இந்தக் குடை நனையாமல் காக்குமா என்று சொல்வது வேறு. இன்றைய அடையாளங்களில் பல, மழையைப் பற்றியே சொல்கின்றன. குடையைப் பற்றிச் சொல்பவை இன்னும் பரீட்சையில் தேறவில்லை.

குறி தெளிவாக இல்லாதபோது மனிதன் தன் நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். ஊர் தூரம், துணைக்கு மனைவி ஒருத்தி, சேமிப்பு சொற்பம், மருந்துக்கோ லட்சக் கணக்கில் செலவு. இவற்றை யோசித்து நண்பர் ஒரே மருந்தைத் தேர்ந்துகொண்டார். "கண்ணை மூடிக்கொண்டு செய்த முடிவு அல்ல, அரைக்கண் திறந்து செய்த முடிவு" என்றார்.

மூன்றாவது மாதம் தைராய்டு கெட்டது. தவறாமல் எடுத்து வந்த ரத்தப் பரீட்சையில் அது முன்னதாகவே தெரிந்துவிட்டபடியால், தினம் ஒரு மாத்திரையோடு போயிற்று. இது குறி அல்ல, காவல். வருவதை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், வந்ததை வாசற்படியிலேயே பிடிக்க முடியும்.

ஐந்தாவது மாதத்தில் வேறொரு சங்கடம் உண்டாயிற்று. புறங்கைகளிலும் உதட்டோரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக்கள் தோன்றின. அந்த அம்மாள் கலங்கிப் போனார். புற்றுநோய் என்றபோது அழாதவர், இதற்கு அழுதார். இளைய பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். 'வெண்குஷ்டம்' என்று ஒரு பொய்ப் பெயரை வைத்து, குஷ்டரோகத்தோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லாத, ஒட்டவும் ஒட்டாத ஒரு நிற மாறுதலுக்காக, எத்தனை பெண்களின் வாழ்க்கையை நம் சமூகம் பாழாக்கியிருக்கிறது என்பதை நினைத்தால் அந்த அழுகைக்குக் காரணம் விளங்கும்.

டாக்டரோ, அத்திட்டுக்களைக் கண்டதும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மா, நோய் பிடித்திருப்பது நிறம் கொடுக்கும் அணுவை. இந்தத் திட்டு, அப்பாவுடைய வீரர்கள் அதே வகை அணுவை அடையாளம் கண்டுகொண்டு தாக்குகிறார்கள் என்பதற்கு அறிகுறி" என்றார். பிரான்ஸ் தேசத்தில் பெம்ப்ரோலிஸுமாப் பெற்ற 67 மெலனோமா நோயாளிகளைக் கவனித்து 2016-இல் எழுதியிருக்கிறார்கள். வெண்திட்டு வந்தவர்கள் 17 பேர். அவர்களில் 12 பேருக்குக் கட்டி சுருங்கிற்று. வராதவர்கள் 50 பேர். அவர்களில் 14 பேருக்கே சுருங்கிற்று. நீண்ட நாள் வாழ்பவனுக்குத்தானே திட்டு தோன்றவும் அவகாசம் கிடைக்கும் என்ற ஆட்சேபம் இதற்கு உண்டு. ஆகையால் நிச்சயமென்று கொள்ளலாகாது. ஆனாலும், ஊரார் கண்ணுக்கு அவமானமாகத் தோன்றிய அந்த வெள்ளை, அந்த அறையில் அன்று வெற்றிக் கொடியின் நிறமாக இருந்தது. அந்த அம்மாள் கணவருடைய கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு எடுத்த ஸ்கானில் நெறி பாதியாய்க் குறைந்திருந்தது. நுரையீரல் புள்ளிகள் வளரவில்லை. அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. உள்ளங்கால் மெலனோமாவில் இம்மருந்துகளின் பலன் மற்ற தோல் மெலனோமாவைவிடக் குறைவு என்பதை நண்பர் அறிவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கான் எடுக்கிறார். அதற்கிடையில் பேரனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

நாம் கடைசியாகச் சொல்ல வந்தது மற்றொன்று. சிகிச்சை தொடங்கிய முதல் நாளன்று, ஆராய்ச்சிக்காக ஒரு குழாய் ரத்தம் அதிகமாகக் கொடுக்கச் சம்மதமா என்று ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அதனால் அவருக்கு எவ்விதப் பயனும் இல்லை என்றும், மறுத்தால் சிகிச்சையில் எவ்விதக் குறையும் வராது என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. "இருக்கிற ரத்தமே போதவில்லை, இது வேறா?" என்று அந்த அம்மாள் தடுத்தார். நண்பர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தை இருமுறை படித்துக் கையெழுத்திட்டார்.

"தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான்; பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். நான் இப்போது பனை வைக்கிறேன், போ" என்றார்.

அந்தச் சமயத்தில் அது நமக்குச் சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. இவ்வளவும் படித்த பிறகு அதன் பொருள் வேறாகத் தெரிகிறது. மும்பாய் டாடா நினைவு ஆஸ்பத்திரி வைத்தியர்கள், தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி 2022-இல் வெளியிட்டார்கள். சாதாரண அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் நிவோலுமாபை மற்ற மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தபோது, ஒரு வருஷம் உயிரோடிருந்தவர்களின் தொகை 100-க்கு 16-லிருந்து 43 ஆக உயர்ந்தது. அது வேறு புற்றுநோய். அதன் முடிவை மெலனோமாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. ஆனால், ஏழை தேசத்துக்கு ஏற்ற கேள்வியை அந்தத் தேசத்தாரே கேட்டால்தான் விடை கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. ரத்த அடையாளங்களின் விஷயமும் அப்படியே. சிட்னியில் வகுத்த மதிப்பெண்ணும், ஐரோப்பாவில் கண்ட ஈசினோபில் கணக்கும் மெய்யான அறிவுதான், நன்றியோடு ஏற்றுக்கொள்வோம். ஆனால் குளத்தில் குளித்து, வெறுங்காலில் நடந்து, உள்ளங்காலில் நோய் கண்டவனுடைய ரத்தம் அந்தக் கணக்கில் சேரவில்லை. அதைச் சேர்க்க வேண்டியவர்கள் நாம். அந்நியத் துணியை மறுத்து நூல் நூற்ற தேசத்துக்கு, சொந்த ரத்தத்துக்குச் சொந்த மரக்கால் செய்துகொள்வது பெரிய காரியம் அல்ல. வேண்டியது, ஒரு குழாய் ரத்தமும் ஒரு கையெழுத்தும், அவற்றைப் பத்திரமாய்க் காத்து நேர்மையாய் ஆராயும் ஆஸ்பத்திரிகளுமே.

ரத்தம் குறி சொல்லுமா? இன்று அது திக்கித் திக்கிப் பேசுகிறது. பலபேருடைய ரத்தம் சேர்ந்து பேசினால் ஒரு நாள் தெளிவாகச் சொல்லும். அன்றைக்கு அதைக் கேட்கப்போகிற ஒருவன், காவேரிக் கரையில் எங்கோ ஓரிடத்தில் இப்போது வெறுங்காலோடு விளையாடிக்கொண்டிருக்கலாம். அவனுக்காக நமது நண்பர் ஒரு பனை வைத்துவிட்டார். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் கையை நீட்டி, "இன்னொரு குழாய் எடுத்துக்கொள், அம்மா" என்று தாமாகவே சொன்னார். இம்முறை அவருடைய மனைவி தடுக்கவில்லை.